ஃபேக்டோரியல் பரிசோதனை: விளைவு 45.25, கெழு 22.625. எதை நம்புவது?

பல காரணிகளின் நிலைகளை எல்லாச் சேர்க்கைகளிலும் மாற்றிப் பார்ப்பதுதான் ஃபேக்டோரியல் பரிசோதனை. அதை அலசி மென்பொருள் தரும் அட்டவணையில் ஒரே காரணிக்கு இரண்டு எண்கள் நிற்கும். 'எஃபெக்ட்' (விளைவு) என்ற தலைப்பின் கீழ் 45.25, பக்கத்திலேயே 'கோஎஃப்' (கெழு) என்ற தலைப்பின் கீழ் 22.625. அறிக்கையில் எதை எழுதுவது? இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் தடுமாறும் இடம் இது. இரண்டுமே சரியான எண்கள்தான். ஆனால் ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்கிறது. அந்தக் கேள்வி என்னவென்று தெரியாமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போனால், கணக்கு சரியாக இருந்தும் முடிவு தப்பாகப் போகும்.

உண்மையான ஒரு தரவை வைத்தே பார்ப்போம். ஸ்வீடனின் எஸ்.கே.எஃப் நிறுவனத்தில் பால் பேரிங்கின் ஆயுளை வைத்து நடந்த பரிசோதனை இது. கிறிஸ்டர் ஹெல்ஸ்ட்ராண்ட் 1989இல் வெளியிட்டார். புள்ளியியலாளர் ஜார்ஜ் பாக்ஸ் எடுத்துச் சொன்ன பிறகு பாடப்புத்தகங்கள் வரை போய்விட்டது. முதலில் அவர்கள் அறிய விரும்பியது, பந்துகளைப் பிடித்து வைக்கும் கேஜின் வடிவமைப்பை மாற்றினால் ஆயுள் மாறுமா என்பதை மட்டும்தான். அதே எட்டு ஓட்டங்களுக்குள் (ஒரு ஓட்டம் என்பது ஒருமுறை சோதித்துப் பார்ப்பது) இன்னும் இரண்டு காரணிகளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற யோசனை பிறகு வந்தது. ஒன்று ஆஸ்குலேஷன், அதாவது பந்தின் வளைவுக்கும் வெளிவளையப் பள்ளத்தின் வளைவுக்கும் உள்ள பொருத்தம். மற்றொன்று உள்வளையத்தின் வெப்பப் பதப்படுத்தல். ஒவ்வொரு காரணிக்கும் இரண்டு நிலைகள்: கீழ்நிலை −, மேல்நிலை +. கேஜில் கீழ், மேல் என்று எதுவும் கிடையாது. இரண்டு வடிவமைப்புகளில் ஒன்றுக்கு −, மற்றதற்கு + என்று பெயர் வைத்துக்கொண்டதுதான்.

| ஆஸ்குலேஷன் | வெப்பம் | கேஜ் | ஆயுள் |
|---|---|---|---|
| − | − | − | 17 |
| + | − | − | 25 |
| − | + | − | 26 |
| + | + | − | 85 |
| − | − | + | 19 |
| + | − | + | 21 |
| − | + | + | 16 |
| + | + | + | 128 |

ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு கூடவே கணக்குப் போட்டு வாருங்கள். எட்டே எண்கள்தான்.

விளைவு என்பது இரண்டு சராசரிகளின் வித்தியாசம்

ஆஸ்குலேஷன் மேல்நிலையில் இருந்த நான்கு ஓட்டங்கள் 25, 85, 21, 128. சராசரி 64.75. கீழ்நிலையில் இருந்தவை 17, 26, 19, 16. சராசரி 19.5. வித்தியாசம் 45.25. இதுதான் ஆஸ்குலேஷனின் முதன்மை விளைவு. மற்றவற்றையும் இதே வழியில் எடுத்தால் வெப்பத்துக்கு 43.25 வரும், கேஜுக்கு 7.75.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மூன்று விளைவுகளுக்கும் எட்டு ஓட்டங்களும் பயன்பட்டிருக்கின்றன. கேஜை மட்டும் சோதித்திருந்தாலும் நான்குக்கு நான்கு என்றுதான் ஒப்பிட்டிருப்பார்கள். இப்போதும் கேஜுக்கு அதே நான்குக்கு நான்கு இருக்கிறது, கூடவே இரண்டு காரணிகளின் கதையும் செலவில்லாமல் கிடைத்துவிட்டது.

கெழு ஏன் பாதி?

மென்பொருள் இந்தத் தரவுக்கு ஒரு சமன்பாடு பொருத்துகிறது. அதில் கீழ்நிலை −1 என்றும் மேல்நிலை +1 என்றும் போகும். கெழு சொல்வது, குறியீடு 1 அலகு நகர்ந்தால் ஆயுள் எவ்வளவு மாறும் என்பதை. −1இலிருந்து +1க்குப் போக இரண்டு அலகுகள் நகர வேண்டும். அந்த முழுத் தூரத்துக்கு மாற்றம் 45.25 என்றால், ஒரு அலகுக்கு அதில் பாதி, 22.625. வேறு எந்த மர்மமும் இதில் இல்லை. விளைவு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை. கெழு நடுவிலிருந்து ஒரு முனை வரை. நடு என்பது மொத்தச் சராசரியான 42.125. சமன்பாட்டின் மாறிலியும் அதுவே.

ஆகவே 'ஆஸ்குலேஷனை மாற்றினால் சராசரியாக எவ்வளவு கூடும்?' என்று கேட்பவருக்குச் சொல்ல வேண்டியது விளைவு. ஒரு குறிப்பிட்ட சேர்க்கையில் ஆயுள் எவ்வளவு இருக்கும் என்று கணிக்க வேண்டியவர் எடுக்க வேண்டியது கெழு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஆஸ்குலேஷன், வெப்பம் இரண்டையும் மேல்நிலையில் வைத்துக் கணிக்கிறோம். ஒரு காரணியின் விளைவை மற்றொன்றின் நிலை மாற்றுவதுதான் இடைவினை. அதன் கெழு 20.125 என்று இப்போதைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், அது எப்படி வந்தது என்று சீக்கிரமே பார்க்கலாம். கெழுக்களைக் கூட்டினால் 42.125 + 22.625 + 21.625 + 20.125 = 106.5. அந்தச் சேர்க்கையில் நிஜமாகக் கிடைத்த 85, 128 ஆகியவற்றின் சராசரியும் 106.5தான். கெழுவுக்குப் பதில் விளைவுகளைப் போட்டால் 170.875 வரும். எட்டு பேரிங்குகளில் ஒன்றுகூட அந்த ஆயுளை எட்டவில்லை.

இதே குழப்பம் திட்டப்பிழையிலும், அதாவது ஒரு மதிப்பு தற்செயலாக எவ்வளவு அலையலாம் என்ற அளவிலும், நுழையும். மொத்தம் எட்டு ஓட்டங்கள் இருந்தால், கெழுவின் திட்டப்பிழை என்பது ஒரு ஓட்டத்தின் திட்டவிலக்கத்தை 8இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவது. விளைவின் திட்டப்பிழை அதில் இரண்டு மடங்கு. மதிப்பைத் திட்டப்பிழையால் வகுத்தால் வருவது டி-மதிப்பு; தற்செயலாகவே அவ்வளவு பெரிய எண் வரும் வாய்ப்பு பி-மதிப்பு. மேலேயும் கீழேயும் இரட்டிப்பாவதால் டி-மதிப்பும் பி-மதிப்பும் மாறாது. மென்பொருள் அட்டவணைகளில் பெரும்பாலும் அச்சாவது கெழுவின் திட்டப்பிழை. விளைவை எடுத்து அதால் வகுத்துவிட்டால் டி-மதிப்பு இரட்டிப்பாகி, சாதாரணமான காரணியும் பெரிய கண்டுபிடிப்பு போலத் தெரியும்.

முதன்மை விளைவு யாருக்கும் நடக்காத சராசரியாக இருக்கலாம்

கேஜை ஒதுக்கி வைத்துவிட்டு, ஆஸ்குலேஷனையும் வெப்பத்தையும் மட்டும் கட்டம் போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு ஓட்டங்களின் சராசரி.

| | ஆஸ்குலேஷன் − | ஆஸ்குலேஷன் + |
|---|---|---|
| வெப்பம் − | 18 | 23 |
| வெப்பம் + | 21 | 106.5 |

வெப்பம் கீழ்நிலையில் இருக்கும்போது ஆஸ்குலேஷனை உயர்த்தினால் கிடைப்பது வெறும் 5. வெப்பம் மேல்நிலையில் இருக்கும்போது உயர்த்தினால் 85.5. இந்த இரண்டின் சராசரிதான் நாம் பெருமையாக எழுதிவைத்த 45.25. இந்தப் பரிசோதனையில் எந்த வெப்ப நிலையிலும் ஆஸ்குலேஷன் 45 அலகு கூட்டவில்லை. ஒன்று 5, இல்லையென்றால் 85.5.

இடைவினை விளைவு அளப்பது இதைத்தான். 85.5க்கும் 5க்கும் உள்ள வித்தியாசம் 80.5, அதில் பாதி 40.25. இங்கே ஏன் பாதி? இந்தப் பாதியை எடுத்தால்தான் இடைவினையும் 'நான்கு ஓட்டங்களின் சராசரி கழித்தல் நான்கு ஓட்டங்களின் சராசரி' என்ற அதே வடிவத்துக்கு வரும். குறிகளைப் பெருக்கி + வரும் ஓட்டங்கள் 17, 19, 85, 128, சராசரி 62.25. − வருபவை 25, 21, 26, 16, சராசரி 22. வித்தியாசம் 40.25. வடிவம் ஒன்றாக இருப்பதால் திட்டப்பிழையும் ஒன்றாகிவிடுகிறது. முதன்மை விளைவுகளையும் இடைவினைகளையும் ஒரே வரைபடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிவது இதனால்தான். கெழு அதிலும் பாதி, 20.125. இடைவினையின் கெழுவைப் பார்த்துவிட்டு 'இருபதுதானே' என்று நினைப்பவர்கள், அது 5க்கும் 85.5க்கும் உள்ள 80.5 அலகு இடைவெளியின் கால்பங்கு என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இடைவினை இந்த அளவுக்குப் பெரிதாக இருந்தால் முதன்மை விளைவைத் தனியாகப் பேசவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. மேலே உள்ள நான்கு கட்டங்களை அப்படியே அறிக்கையில் போடுங்கள். கெழு அட்டவணையைப் படிக்கத் தெரியாத மேலாளருக்கும் அது ஒரு நொடியில் புரியும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. முதன்மை விளைவின் பி-மதிப்பு பெரிதாக இருக்கிறது என்று அதை நீக்கிவிட்டு, அதன் இடைவினையை மட்டும் சமன்பாட்டில் விட்டுவைப்பார்கள். செய்யாதீர்கள். ஒரு காரணி ஒரு நிலையில் கூட்டியும் இன்னொரு நிலையில் அதே அளவு குறைத்தும் இருந்தால் முதன்மை விளைவு பூஜ்யமாகத்தான் வரும். அந்தக் காரணி வேலை செய்யவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை.

0/1 குறியீடு: அதே தரவு, வேறு கேள்வி

இதுவரை −1, +1 என்று வைத்தோம். ஆர் மென்பொருளில் காரணியை வகைப்பாடாகக் கொடுத்தால் அது இயல்பாக எடுப்பது 0/1 முறை. அடிப்படை நிலைக்கு 0, மற்றதற்கு 1. மூன்று காரணிகளும் எல்லா இடைவினைகளும் உள்ள முழுச் சமன்பாட்டை இரண்டு முறையிலும் பொருத்தினால் கெழுக்கள் இப்படி நிற்கும்:

| உறுப்பு | −1/+1 | 0/1 |
|---|---|---|
| மாறிலி | 42.125 | 17 |
| ஆஸ்குலேஷன் | 22.625 | 8 |
| வெப்பம் | 21.625 | 9 |
| கேஜ் | 3.875 | 2 |
| ஆஸ்குலேஷன்×வெப்பம் | 20.125 | 51 |
| ஆஸ்குலேஷன்×கேஜ் | 5.875 | −6 |
| வெப்பம்×கேஜ் | 4.375 | −12 |
| மூன்றும் | 7.375 | 59 |

இரண்டு பத்திகளும் எட்டு ஓட்டங்களையும் அச்சு அசலாக ஒரே மாதிரி கணிக்கின்றன. ஆனால் வெப்பம்×கேஜ் ஒன்றில் கூட்டல், மற்றதில் கழித்தல். எது சரி? 0/1 முறையில் ஒவ்வொரு கெழுவும், அதில் பேர் வராத காரணிகள் அனைத்தும் அடிப்படை நிலையில் நிற்கும்போது என்ன நடக்கிறது என்று மட்டுமே சொல்லும். ஆஸ்குலேஷனின் 8 என்பது 25 − 17, அவ்வளவுதான். வெப்பம்×கேஜ் −12 என்பது ஆஸ்குலேஷன் கீழ்நிலையில் உள்ள நான்கு ஓட்டங்களின் கதை மட்டும். −1/+1 முறையிலோ மற்றக் காரணியின் இரண்டு நிலைகளுக்கும் சேர்த்துச் சராசரி எடுக்கப்படுகிறது. பி-மதிப்பும் இதன்படியே மாறும். 0/1 அட்டவணையில் ஆஸ்குலேஷன் வரிசையின் பி-மதிப்பு முதன்மை விளைவைச் சோதிப்பதே இல்லை. உச்ச இடைவினைக்கு, அதாவது 'மூன்றும்' என்ற கடைசி வரிசைக்கு மட்டும்தான் இரண்டு முறையிலும் டி-மதிப்பு ஒன்றாக இருக்கும்.

கையில் இருக்கும் அட்டவணை எந்த முறையில் வந்தது என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. மாறிலியைப் பாருங்கள். எல்லாச் சேர்க்கைக்கும் சம எண்ணிக்கையில் ஓட்டங்கள் உள்ள பரிசோதனையில், மாறிலி மொத்தச் சராசரியோடு ஒத்துப்போனால் அது −1/+1. முழுச் சமன்பாட்டின் மாறிலி ஒரே ஒரு சேர்க்கையின் சராசரியோடு ஒத்துப்போனால் 0/1.

ஆர் பயன்படுத்துபவர்கள் விழும் இரண்டு குழிகளையும் சொல்லிவிடுகிறேன். நிலைகளுக்கு ஆங்கிலத்தில் 'ஹை', 'லோ' என்று பெயர் கொடுத்தால், அகரவரிசைப்படி ஹை முந்திவிடும். அதுவே அடிப்படை நிலையாகி, எல்லாம் தலைகீழாக வாசிக்கப்படும். 'கூட்டுத்தொகை பூஜ்யம்' வகைக் குறியீட்டுக்கு மாற்றினாலும் முதல் நிலைக்குத்தான் +1 போகும், கடைசி நிலைக்கு −1. லோ, ஹை என்று ஒழுங்காக வரிசைப்படுத்தி வைத்திருந்தால் இங்கே குறி புரளும். நிலைகளை நீங்களே −1, +1 என்ற எண்களாக உள்ளிட்டுவிட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

டிகிரியிலும் நிமிடத்திலும் எழுதினால்

காரணி வெப்பநிலை, நேரம் போன்ற அளவாக இருந்தால், கெழுவை நிஜ அலகுக்கு மாற்றச் சொல்வார்கள். கணக்குப் பழக எளிய எண்களை எடுத்துக்கொள்வோம்: வெப்பநிலை 160–180 டிகிரி, நேரம் 30–50 நிமிடம். குறியீட்டுச் சமன்பாடு: விளைச்சல் = 60 + 4×வெப்பநிலை + 2×நேரம் + 3×வெப்பநிலை×நேரம். வெப்பநிலையின் குறியீடு என்பது 170ஐக் கழித்து 10ஆல் வகுத்தது, நேரத்துக்கு 40ஐக் கழித்து 10ஆல் வகுத்தது. பிரித்து எழுதினால் இப்படி வரும்: விளைச்சல் = 188 − 0.8×டிகிரி − 4.9×நிமிடம் + 0.03×டிகிரி×நிமிடம்.

வெப்பநிலையின் கெழு கழித்தலாகிவிட்டதே! வெப்பம் கூடினால் விளைச்சல் குறையுமா? குறையாது. −0.8 என்பது நேரம் பூஜ்ய நிமிடமாக இருக்கும்போது உள்ள சரிவு. நாம் சோதித்ததோ 30இலிருந்து 50 வரை. 40 நிமிடத்தில் சரிவு −0.8 + 0.03×40 = 0.4. அதாவது ஒரு டிகிரிக்கு 0.4 கூடுகிறது, 20 டிகிரிக்கு 8. குறியீட்டுக் கெழு 4இன் இரட்டிப்பும் அதே 8. நிஜ அலகுச் சமன்பாட்டை எண்ணைப் போட்டுக் கணிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் காரணி பெரியது என்று பேசக் குறியீட்டுக் கெழுதான் சரி. நிஜ அலகில் செல்சியஸை ஃபாரன்ஹீட்டாக மாற்றினாலே கெழு சுருங்கிவிடும், காரணியின் பலம் மாறியிருக்காது.

குறியீட்டுக் கெழுவுக்கும் ஒரு எல்லை உண்டு. நீங்கள் தேர்ந்த 160–180 இடைவெளிக்குத்தான் அந்த 4. 165–175 என்று சுருக்கியிருந்தால் பாதிதான் வந்திருக்கும். 'விளைவு சிறியது' என்று எழுதும்போது, எந்த இடைவெளியில் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

எது நிஜம், எது தற்செயல்?

பேரிங் தரவுக்குத் திரும்புவோம். எட்டு ஓட்டங்கள், எட்டுக் கெழுக்கள். பிழையை மதிப்பிட எதுவும் மிச்சமில்லை. இந்த நிலையில் பல மென்பொருள்கள் ரஸ்ஸல் லெந்த் 1989இல் தந்த முறையை எடுக்கும். விளைவுகளில் பெரும்பாலானவை வெறும் இரைச்சல் என்று வைத்துக்கொண்டு, அவற்றின் இடைநிலையிலிருந்து (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்) பிழையை ஊகிக்கும் முறை அது. இங்கே விளைவுகள் 45.25, 43.25, 40.25, 14.75, 11.75, 8.75, 7.75. இடைநிலை 14.75, அதன் ஒன்றரை மடங்கு 22.125. ஏழு விளைவுகளுக்கான பெருக்கி சுமார் 3.76. ஆக, நிஜம் என்று நம்ப ஒரு விளைவு தாண்ட வேண்டிய எல்லைக்கோடு, வரைபடத்தில் உள்ள சிவப்புக் கோடு, 83 அருகே விழும். எந்த விளைவும் அதைத் தாண்டாது!

அப்படியானால் ஆயுள் சுமார் 20இலிருந்து 106.5 ஆக ஐந்து மடங்கு கூடியது பொய்யா? முறையின் அனுமானம்தான் இங்கே பொருந்தவில்லை. ஏழில் மூன்று விளைவுகள் உயிரோடு இருந்தால் 'பெரும்பாலானவை இரைச்சல்' என்பது நொண்டியடிக்கும். கேஜ் வரும் நான்கு உறுப்புகளையும் நீக்கி அவற்றையே பிழையாக எடுத்தால், விளைவின் திட்டப்பிழை சுமார் 11. டி-மதிப்புகள் 4.1, 3.9, 3.6. தரவைப் பார்த்த பிறகு நீக்கியதால் இவற்றைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும். சந்தேகம் தீர ஒரே வழி, சிறந்த சேர்க்கையில் இன்னும் சில பேரிங்குகளை ஓட்டிப் பார்ப்பது.

இன்னொன்றும் கண்ணில் படுகிறது. 17க்கும் 19க்கும் இடைவெளி 2. 85க்கும் 128க்கும் 43. ஆயுள் கூடக் கூடச் சிதறலும் கூடுகிறது. ஆயுள் தரவுக்கு இது சகஜம், மருந்து மடக்கை. இயற்கை மடக்கை எடுத்துக் கணக்கிட்டால் ஆஸ்குலேஷன் 0.94, வெப்பம் 0.82, இடைவினை 0.69, டி-மதிப்புகள் 5.6, 4.9, 4.2. கேஜின் 7.75 என்ன ஆனது தெரியுமா? −0.035, கிட்டத்தட்ட பூஜ்யம். அந்த 7.75 முழுக்க முழுக்க 128 என்ற ஒற்றை எண் தூக்கிவிட்டது.

மடக்கையில் விளைவு கூட்டலைச் சொல்லாது, மடங்கைச் சொல்லும். 0.94இன் மடக்கையை நீக்கினால் 2.56, அதாவது ஆயுள் சராசரியாக இரண்டரை மடங்கு. இங்கேயும் பாதிக் குழப்பம் காத்திருக்கிறது. கெழு 0.47ஐ நீக்கினால் 1.6 மடங்கு மட்டுமே வரும், ஏனென்றால் அது நடுவிலிருந்து ஒரு முனை வரைதான். முழுத் தூரத்துக்கு 1.6ஐ 1.6ஆல் பெருக்க வேண்டும்.

பாதி ஓட்டங்களை மட்டும் ஓட்டியிருந்தால்

செலவைக் குறைக்க நான்கே ஓட்டங்களில் மூன்று காரணிகளைச் சோதிப்பதும் உண்டு. மூன்று குறிகளின் பெருக்கல் + வரும் ஓட்டங்களை மட்டும் எடுப்போம்: 25, 26, 19, 128. கேஜின் விளைவு இப்போது 19, 128 ஆகியவற்றின் சராசரி 73.5, கழித்தல் 25, 26 ஆகியவற்றின் சராசரி 25.5. வருவது 48! முழுப் பரிசோதனையில் 7.75 ஆக இருந்த கேஜ் இங்கே நாயகன் ஆகிவிட்டது. இந்த நான்கு ஓட்டங்களில் கேஜின் குறியும் ஆஸ்குலேஷன்×வெப்பத்தின் குறியும் வரிக்கு வரி ஒன்றேதான். எனவே கணக்கு இரண்டையும் பிரிக்க முடியாமல் கூட்டியே தருகிறது: 7.75 + 40.25 = 48. அட்டவணையில் 'கேஜ்' என்று மட்டும் அச்சாகியிருக்கும். எந்த விளைவு எதோடு கலந்திருக்கிறது என்று கீழே மென்பொருள் தரும் கலப்புப் பட்டியலைப் படிக்காதவர் புதிய கேஜுக்கு ஆர்டர் கொடுத்துவிடுவார்.

இதைப் பிரிக்க மீதி நான்கு ஓட்டங்கள் வேண்டும்: 17, 85, 21, 16. அவற்றில் கேஜின் விளைவு 18.5 − 51 = −32.5. இந்தப் பாதியில் குறிகள் எதிரெதிர் என்பதால் இது 7.75 − 40.25. இரண்டு பாதிகளையும் சேர்த்து வையுங்கள். 48க்கும் −32.5க்கும் சராசரி 7.75, அது கேஜ். அவற்றின் வித்தியாசத்தில் பாதி 40.25, அது இடைவினை.